ஆயிரத்தி ஒம்பதாவது மரம்

மோரக் குடிங்க அய்யா, வெயில்ல தோப்பச் சுத்தி வந்திருக்கீக. எண்ணியாச்சுல்ல? ஆயிரத்தி ஒம்பது. நாந்தான் காலையிலயே சொன்னேனே. கோர்ட்டுல இருந்து கமிசனர் வந்து எண்ணுனா மட்டும் தென்னை கூடவா போகுது, குறையவா போகுது?

ஆமா, எங்க மாமனார் நட்டதுதான். அவுக கண்ண மூடுனதும் மூணு ஆம்பளப் பிள்ளைகளும் கேஸப் போட்டுக்கிட்டு உத்தமபாளையத்துக்கு பஸ் ஏறுறாக. மூத்தவரு எங்க வீட்டுக்காரரு. அவரு வாயத் தொறக்க மாட்டாரு, அதான் நான் கத்துறேன்.

மூணாப் பிரிச்சா ஒன்னு மிஞ்சுது. மாமியாருக்கும் ஒரு பங்கு வச்சு நாலாப் போடுவோம்னாக. அப்பயும் ஒன்னு மிஞ்சுது. நாத்தனாமாரு ரெண்டு பேரும் எங்களுக்குன்னு வந்து நின்னாளுக, ஆறாப் போட்டாக. அப்பயும் அதே ஒன்னு. கடைசிக் கொழுந்தன் செல்வமணி கணக்கு வாத்தியாருல்ல, இது பகா எண்ணு மதினி, ஒன்னையும் அதையும் விட்டா எதாலயும் வகுபடாதுன்னாக. முப்பத்தொன்னு வரைக்கும் வகுத்துப் பாத்தாப் போதுமாம், அதுக்கு மேல பாக்கவே வேண்டாமாம். வயிறு எரிஞ்சு நிக்கிறவகிட்டப் பாடம் நடத்துறாக.

வகுபடாதுன்னா விட்டுறணும்ல? விட மாட்டாகளாம். ஒரு மரத்த வெட்டிட்டா ஆயிரத்தி எட்டாம். மூணு, நாலு, ஆறு, எதுல போட்டாலும் சரியா வந்துருமாம். எந்த மரத்தன்னு கேளுங்க. மாமனார் கயிறு புடிச்சு, வரிசைக்கு முப்பத்தாறுன்னு இருபத்தெட்டு வரிசை வச்சாக. வாய்க்காக் கரையில ஒன்னு மட்டும் வரிசையில சேராமத் தனியா நிக்கிதுல்ல, அதத்தான். எல்லையத் தள்ளப் பாத்து அண்ணன் களவா வச்ச மரம்னு நடுக் கொழுந்தன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாக. அந்த நாக்கு அழுகித்தான் போகும்.

நட்டஈடா? அந்த மரத்துக் காய நாங்க ஒரு நாளும் வித்ததில்ல அய்யா. அந்த ஒன்ன எங்களுக்கு விட்டுட்டு, எங்க பங்குல காய்க்கிற மரம் ரெண்ட எடுத்துக்கிறட்டும்னுகூடச் சொல்லிப் பாத்தேன். அப்படிச் செஞ்சா சமமில்லையாம். வாத்தியாரு ஒத்துக்கல.

இப்ப என்ன, வெட்டலாம்னு எழுதப் போறீகளா? எழுதுங்க. மரத்து அடித்தூரத் தோண்டும்போது மட்டும் கடப்பாரையப் போடாமக் கையால மண்ண அள்ளச் சொல்லுங்க. அடியில எம்மக இருக்கா. பேரு வைக்க முந்திப் போயிட்டா. அன்னைக்கு அங்கன குழி வெட்டி, மேல தென்னங்கன்ன ஊனி, அழாதீக மதினின்னு தண்ணி ஊத்துனது யாருன்னு நெனைக்கீக? இந்தா, கணக்குப் போட்டுக்கிட்டு நிக்கிறாகளே வாத்தியாரு, அவுகதான்.