ஆழினியின் தழும்பு

எங்கள் கடையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தக்கலையில் அப்போது நாலு பிரவுசிங் சென்டர் இருந்தன. மற்ற மூன்றிலும் சகதிக் காலோடு ஏறுவார்கள். என் கடையில் ஆள் எழுந்து போனதும் கீபோர்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பேன். சில ஆட்கள் என்னத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் தொட்ட மவுஸை நினைத்தாலே குமட்டும். ஒருவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று இன்ஸ்பெக்டர் ஐயா முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

2006-ல் இணையத்தில் ஒரு விளையாட்டு தொடங்கினேன். பெயர் எழுகடல் நாடு. சுடுவது, ஓடுவது எல்லாம் கிடையாது, எழுதி ஆடுவது. தீவுகள், அரசர்கள், தெய்வங்கள், சட்டம், வரைபடம் எல்லாம் நான் உண்டாக்கினேன். சேருகிறவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தைப் படைத்து, அந்தப் பாத்திரமாகவே நாளுக்கு ஒரு பத்தி எழுத வேண்டும். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடருவார். பதினோரு பேர் இருந்தோம், பாதிப்பேர் வளைகுடாவில். சேரும்போது விதிகளுக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். நாலாவது விதி, இந்த நாட்டில் பிறந்த பாத்திரம் இந்த நாட்டுக்கே சொந்தம். நாடு என்னுடையது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

டெல்சி கடற்கரை ஊர்க்காரி. அப்பா ஏசுஅடிமை வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். எம்.எஸ்சி. முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள், வயது இருபத்துமூன்று. பள்ளி விட்டதும் வந்து மூன்றாம் நம்பர் மேசையில் உட்கார்ந்து எழுதுவாள். அவள் படைத்தவள்தான் ஆழினி. தனியாக வள்ளம் ஓட்டுகிறவள், எந்த அரசனுக்கும் தலை வணங்காதவள், இடது முழங்காலுக்கு மேலே நங்கூரம் கிழித்த தழும்பு உள்ளவள். பிறை மாதிரி வளைந்து, ஓரத்தில் மூன்று தையல் என்று அந்தத் தழும்பை அவ்வளவு நுணுக்கமாக எழுதியிருந்தாள். மற்றவர்கள் எழுதியது வெறும் விளையாட்டு. ஆழினி பேசினால் உப்புக்காற்று அடிக்கும். அவளுக்காகவே எல்லோரும் வந்தார்கள். நானும்தான், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

2009-ல், தவக்காலம் முடிந்ததும் டெல்சிக்குக் கல்யாணம் உறுதியாயிற்று. மாப்பிள்ளை அனிஷ், மஸ்கட்டில் வேலை. கடைக்கு வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"அண்ணே, நான் இனி எழுதல்ல. ஆழினிய நடுக்கடலுக்கு அனுப்பி ஒரு முடிவு எழுதியிருக்கேன். அதப் போட்டுட்டு நிறுத்திருவேன்."

"ஆழினி உனக்குச் சொந்தம் இல்ல மக்கா. நாலாவது விதிய வாசிச்சியா?"

"அவ எனக்க உசிருல்லா. எனக்க காலுல உள்ள தழும்பக் கூட அவளுக்குக் குடுத்திருக்கேன். நீங்க எப்படி அண்ணே வச்சுக்கிடுவிய?"

அவள் விதியை வாசிக்கவில்லை. யாரும் வாசிப்பதில்லை. முடிவை மட்டும் தட்டச்சு செய்து போட்டுவிட்டு எழுந்து போனாள்.

அன்றைக்கே அவளுடைய கடவுச்சொல்லை மாற்றினேன். அவள் எழுதிய முடிவை எடுத்துவிட்டேன். பிறகு ஆழினியாக நான் எழுதத் தொடங்கினேன். யாராவது எழுதத்தானே வேண்டும். அவளை அரசன் கொடுமுடிக்குக் கட்டிக்கொடுத்தேன். கொடுமுடி என் பாத்திரம். ஆழினி முதலில் மறுத்தாள், கதைக்கு அது தேவை. பிறகு மறுக்கவில்லை. முப்பத்தெட்டு நாள் கொடுமுடியின் பத்தியையும் அவளுடைய பத்தியையும் நானே எழுதினேன். கல்யாணமானவர்கள் எப்படி இருப்பார்களோ அப்படித்தான் எழுதினேன். என்னவெல்லாம் என்பது உங்கள் மேசையில் இருக்கிறது. அவளுடைய ஒவ்வொரு பத்திக்கு மேலேயும் டெல்சி என்று பெயர் வந்தது. அது கம்ப்யூட்டர் தானாகப் போடுவது.

ஆட்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். தோகாவிலிருந்து லிஜின் போன் செய்தான், என் வயதுக்காரன். "வாசிச்சா ஓங்கரிக்குது வேய். அந்தப் பிள்ளைக்கு இது தெரியுமா?" என்றான். பொறாமை என்று விட்டுவிட்டேன்.

அவர்கள் ஊர்க் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. நான் வேறு சபை. இருந்தாலும் இரண்டாவது ஓலைக்குப் போய்க் கடைசி வரிசையில் இருந்தேன். கடமை என்ற சொல் என்னைப் போட்டு உறுத்தியது. ஒருத்தி ஒருவனுக்கு மனைவியாக இருக்கும்போது இன்னொருவனுக்கு ஓலை வாசிக்கிறார்கள். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பது அசிங்கம் என்று பட்டது. அறுபத்துநாலு பக்கம் அச்செடுத்து, அட்டை போட்டு, பங்குத்தந்தையிடம் கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒன்று. இது விளையாட்டு என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவுமில்லை.

மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. பங்குத்தந்தையின் வீட்டில் இரு வீட்டாரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அது ஒரு விளையாட்டு, இதைத் தான் எழுதவில்லை என்று டெல்சி அழுதிருக்கிறாள். யாருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் மாப்பிள்ளையின் அத்தை செல்லபாய் பக்கத்தைப் புரட்டி ஒன்றே ஒன்று கேட்டாளாம்.

"ஏட்டி, இதுல எழுதியிருக்க தழும்பு உனக்க காலுல உண்டா?"

செல்லபாய் டெல்சியை உள்ளறைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிறை, மூன்று தையல். அதோடு கல்யாணம் நின்றுபோயிற்று. அந்தத் தழும்பை நான் உண்டாக்கவில்லை ஐயா. அவளே எழுதியது.

ஏசுஅடிமை அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை என்கிறார்கள். டெல்சி வேலையை விட்டுவிட்டு நாலு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்து, இப்போது உங்களிடம் மனு கொடுத்திருக்கிறாள். ஒரு பெண்ணை அறைக்குள் கூட்டிப்போய்த் துணியை விலக்கிப் பார்ப்பது எவ்வளவு கேவலம். கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் அவளை ஒரு விரலால்கூடத் தொட்டதில்லை.

ஆகவே, கடவுச்சொல்லை மாற்றியது நான். எழுதியது நான். அச்செடுத்துக் கொடுத்தது நான். கல்யாணம் நிற்க வேண்டும் என்றுதான் கொடுத்தேன். யாரும் அடித்து எழுதி வாங்கவில்லை; சுயநினைவோடு கையெழுத்திடுகிறேன்.

ஆழினியை மொத்தமாக அழித்துவிட வேண்டும் என்று டெல்சி மனுவில் கேட்டிருப்பதாகச் சொன்னீர்கள். அதற்கு மட்டும் கடவுச்சொல்லைத் தர மாட்டேன். அச்செடுத்த பிறகும் நான் எழுதுவதை நிறுத்தவில்லை. ஆழினிக்கு இது ஐந்தாம் மாதம். வயிற்றுப்பிள்ளைக்காரியைக் கொல்லச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாளே, அவளை நினைத்தால்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.