குதிரைப் பொட்டி இழுத்த வண்டி

இதையா பாய் ஏலத்துல எடுத்தீங்க? மீன் ஏத்தி ரவாங்குக்கு விடவா? நல்லா விடுங்க லா, யாரு வேணான்னா. எனக்குக் கொஞ்சம் சீனி கட்டுங்க, கட்டிக்கிட்டே கேளுங்க. அந்தக் கதவத் தடவிப் பாத்தீங்களா? வரிசையா ஓட்டை அடைச்ச தழும்பு இருக்குமே. இருக்கா? அப்ப அதேதான். குண்டு துளைக்காம இரும்புத் தகடு அடிச்சிருந்த எடம் அது. பத்தாங் காலிப் பக்கம் எங்க ரப்பர் தோட்டத்துல ஓடுன லேண்ட்ரோவரு. எந் தம்பி ஹியூபர்ட்டுதான் அப்ப டிரைவரு.

சண்டைக்கா? யாரு, எங்க வெள்ளக்காரத் தொரையா? அட போங்க பாய். குதிரைப் பொட்டி இழுத்த வண்டி இது.

ஆமா, குதிரைய நிக்க வச்சுக் கொண்டு போற சக்கரப் பொட்டிதான். கோலாலும்பூருல பந்தயம் ஓட விடுறதுக்கு ஒரு பொட்டக் குதிரை வச்சிருந்தாரு. அவசரகாலம் அது, காட்டுல கம்யூனிஸ்டுக்காரனுக்கும் பட்டாளத்துக்கும் சண்டை, ஊரெல்லாம் வெடிச் சத்தம், நாங்க குடியிருந்த லயத்தச் சுத்தி முள்ளுக்கம்பி, ஒரே ஒரு கேட்டு. வேலைக்குப் போறப்ப போலீசுக்காரனுங்க பொம்பளைங்க கொண்டையக்கூட அவுத்துப் பாப்பானுங்க, காட்டுக்காரனுக்கு அரிசி கொண்டு போறோமாம். லெட்சுமி புள்ளத்தாச்சி, பசி தாங்கலன்னு கஞ்சி கொண்டு போனா. அந்த எடத்துலயே மண்ணுல ஊத்திட்டானுங்க. இந்தக் கூத்துல தொரைக்கு என்ன கவலைங்கிறீங்க? குதிரைப் பொட்டிய எந்த வண்டியில கட்டி இழுக்கிறதுங்கிற கவலை!

மொதல்ல சொந்தக் காருலயே கட்டுனாரு. மழை பேஞ்ச செம்மண்ணு மேடு பாய். பின் சக்கரம் ரெண்டும் நின்ன எடத்துலயே சுத்துது, சேத்த வாரி வாரி அடிக்குது. வெட்டுக்காட்டுல பாலெடுத்துக்கிட்டு இருந்த சனத்தப் பூரா கூப்புட்டுத் தள்ளச் சொன்னாரு. இவரு கொடையப் புடிச்சுக்கிட்டு, குதிரை காலு பத்திரம், குதிரை காலு பத்திரம்னு கத்துறாரு. எங்க காலு யாருக்கு வேணும்? அதுக்குள்ள மரத்துல கட்டுன மங்குலயே ரப்பர் பாலு கட்டிப் போச்சு. அதுக்கும் ஏச்சு எங்களுக்குத்தான்.

அப்பறம் பட்டாளத்துக்காரன் வித்த ஜீப்பு ஒன்னு வாங்குனாரு. நாலு சக்கரமும் இழுக்குமாம், கிளப்புல எவனோ சொல்லியிருக்கான். இழுத்துச்சு, பொய் சொல்லக்கூடாது. மேடு ஏறிடுச்சு. எறங்கையிலதான் இருக்கு சேதி. ஜீப்பு எம்மாத்தம், குதிரையும் பொட்டியும் எம்மாத்தம்? பின்னாலேருந்து அது இத நெட்டித் தள்ளிக்கிட்டே வருது. பிரேக்கு மிதிச்சா வழுக்குது. நேரா கால்வாயில போயி மூக்கக் குத்துச்சு.

தொர விட்டாரா? ஜீப்புல கனம் பத்தல, மூட்டை போடுன்னாரு. மணல் மூட்டை போட்டும் பத்தல. ஏய் கிராணி, ஏறி உக்காருன்னாரு. ஆபீசுல கணக்கெழுதுற எங்க கிராணி ரெங்கசாமி இருக்காரே, லயத்து ஆளுங்களக் கண்டா மூக்கப் பொத்திக்கிட்டுப் பேசுவாரு. அவரு கழுத்துப் பட்டியோட ரெண்டு மூட்டைக்கு நடுவுல மூனாவது மூட்டையா குந்தியிருந்தாரு. சிரிக்காதீங்க பாய், நாங்க அன்னைக்கு சிரிக்க முடியாமத் தவிச்சோம்.

லோரியா? அதையும் பாத்தாரு. லோரி ஒசரம், பொட்டி தாழ்வு. மாட்டுனா பொட்டி வானத்தப் பாக்குது. குதிரை ஏறவே மாட்டேன்னுடுச்சு. அந்தத் தோட்டத்துலயே புத்தியுள்ளது அது ஒன்னுதான்.

அப்பத்தான் தொர உசிருக்கு ஆபத்துன்னு கம்பெனி இந்த வண்டிய அனுப்புனான். கதவுல, முன்னால, பின்னால எல்லாம் தகடு. நல்ல கனம், நாலு சக்கரமும் இழுக்கும், எறக்கத்துல பொட்டியப் புடிச்சு நிறுத்தும். தொர வண்டியச் சுத்திச் சுத்தி வந்தாரு. என்ன ஹியூபர்ட், இது தாங்குமான்னு கேட்டாரு. எந் தம்பி கைய கட்டிக்கிட்டு, இதுன்னா குதிரை குலுங்காது தொரைன்னான். அம்புட்டுதான். உசுரக் காக்க வந்த வண்டி குதிரைக்குப் போயிருச்சு. தானே ஆராஞ்சு கண்டுபுடிச்ச மாதிரி கிளப்பு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு.

தம்பி ஏன் அதச் சொன்னான்னு கேளுங்க. தகடு போட்ட வண்டிய எந்தக் கேட்டுலயும் நிறுத்த மாட்டானுங்க. அதனாலதான்.

அப்ப ராஃபேலுன்னு ஒரு பால்மரம் வெட்டுறவரு இருந்தாரு. அரிசி அளக்குறப்ப கொறையுதேன்னு, எங்கள வேலை வாங்குற மண்டோர் தங்கராஜு மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டாரு. மண்டோர் என்ன பண்ணான்? இவன்தான் காட்டுக்கு அரிசி அனுப்புறான்னு போலீசுல போயி சொல்லிட்டான். ஒரு மணி அரிசி அனுப்புனதில்ல பாய், மாதா மேல ஆணை. யாரு கேக்குறா? கேசு கெடையாது, கோர்ட்டு கெடையாது. அள்ளிக்கிட்டுப் போயி கம்பிக்குள்ள போடுவானுங்க, இல்ல கப்பலேத்தி இந்தியாவுக்கு அனுப்புவானுங்க. அவரு பொறந்தது இங்க. இந்தியாவுல யாரத் தெரியும் அவருக்கு?

லயத்துல போலீசு தேடுறப்ப அவரு குதிரைக் கொட்டாயில இருந்தாரு. பந்தயத்து அன்னைக்கி விடியக்காலம், பொட்டியில முன்பக்கம் புல்லுக்கட்டு அடுக்குவாங்கல்ல, அதுக்குப் பின்னால தம்பி அவர நிறுத்திட்டான். தொர வந்தாரு, குதிரை நெத்தியத் தடவுனாரு, முன்னால ஏறி உக்காந்தாரு. தோட்டத்துக் கேட்டுல சல்யூட்டு அடிச்சு விட்டானுங்க.

ரவாங்கு ரோட்டுக் கேட்டுல நிறுத்திட்டான். புதுசா வந்த வெள்ளக்காரப் பையன், ஆபீசரு. பொட்டியத் தொறன்னான். பொட்டிக்குள்ள நெலமை மோசம். குதிரை வழி நெடுக அந்தப் புல்லத் தின்னுக்கிட்டே வருது! கட்டு கொறைஞ்சு கொறைஞ்சு அவரு நெத்தி வரைக்கும் தெரியுது. புருபுருன்னு அது விடுற மூச்சு மூஞ்சியில அடிக்குதாம்.

அப்ப எறங்குனாரு பாருங்க எங்க தொர! மொகம் செவசெவன்னு. எங் குதிரைக்கு மெரட்சி வந்து காலு ஒடிஞ்சா நீ பொறுப்பேத்துக்குவியா? எங் குதிரையோட நான் கம்யூனிஸ்டயா ஏத்திக்கிட்டுப் போறேன்? உன் மேலதிகாரி யாரு, கூப்புடு அவனன்னு வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சாரு. அந்தப் பையன் மன்னிப்புக் கேட்டுட்டு, குதிரைக்கு ஒரு வாளி தண்ணி வேணுமா சார்னு வேற கேட்டானாம்.

கோலாலும்பூரு லாயத்துல வாளியத் தூக்கிக்கிட்டு நடந்தாரு ராஃபேலு. வாளி தூக்குற தமிழன யாரு நிமிந்து பாக்குறா? அப்படியே வெளிய வந்து, மீன் லோரி புடிச்சு இந்த ஆத்துப் பக்கம் வந்துட்டாரு.

குதிரையா? பந்தயத்துல கடைசியா வந்துச்சு. வண்டியில குலுங்கிருச்சுன்னு தம்பியத்தான் ஏசுனாரு தொர. தான் ஒரு உசுரக் காப்பாத்துனது அந்த மனுசனுக்குக் கப்பலேறிச் சீமைக்குப் போற வரைக்கும் தெரியாது.

ராஃபேலு எங்கேன்னா? கம்போங் குவாந்தான்லதான். உங்க படகுல மீன் எறக்குறாரே, பேர மறைச்சுக்கிட்டதால சூசைன்னு நீங்க கூப்புடுறீங்களே, அவருதான் பாய். என் வீட்டுக்காரு. நானும் ஒரு வருசம் கழிச்சுதான் வந்து சேந்தேன்.

பயப்படாதீங்க, அவரத் தேடுன போலீசு இன்ஸ்பெக்டரும் போயிட்டான், அந்த மண்டோரும் போயிட்டான். இந்த வண்டி ஓட்ட ஆளு தேடுறீங்கன்னு கேள்விப்பட்டேன். ஹியூபர்ட்டு அவருக்கு நல்லா ஓட்டக் கத்துக் குடுத்திருக்கான். தானா வந்து கேக்க மாட்டாரு, அதான் நான் வந்தேன். ரவாங்குல நிறுத்திப் பேரு கேட்டா, ராஃபேலுன்னே சொல்லப் போறாராம்.

சீனியக் குடுங்க பாய், நான் போறேன்.