அந்த வார்த்தையைச் சொன்னது யாரு?

...யாரோ சொல்லியிருக்காங்கண்ணே! இல்லாட்டி மூணு மணி வரைக்கும் ஈ ஓட்டிக்கிட்டிருந்த இடத்துல திடீர்னு இத்தன பேர் எப்படி வருவாங்க? கைய ஆட்டாதீங்க. மரத்துப்போக ஊசி போட்டாச்சுல்ல, தையல் தெரியாது... தெரியுதா? சரி சரி, இன்னும் கொஞ்சம் மருந்து விடறேன். ஒரு உளி இவ்ளோ ஆழமாவா இறங்கும்!

அவசர சிகிச்சைப் பிரிவுல ஒரு வார்த்தை மட்டும் சொல்லவே கூடாதுண்ணே. 'இன்னிக்கு அமைதியா இருக்கே'ன்னு... ஐயோ, பாருங்க, விளக்கறேன்னு நானே சொல்லிட்டேன்! இது கணக்குல சேராது. சொன்னா அடுத்த நிமிஷம் ஆம்புலன்ஸ் வந்து நிக்கும். படிச்சவங்கதான் நாங்க, சிரிக்காதீங்க. சிரிச்சா கை ஆடுது.

இன்னிக்குன்னு பாத்து எனக்கு அரைமணி நேரம் தேவைப்பட்டுச்சு. நாலு மணிக்குள்ள ஆபீஸ்ல லெட்டர் குடுக்கணும். இங்க பயிற்சி போதும், தோல் பிரிவுக்கு மாத்துங்கன்னு. இன்னிக்குத்தான் கடைசி நாள். விட்டா இன்னும் ரெண்டு வருஷம் இங்கதான்! தோல் பிரிவுல டாக்டருங்க உக்காந்து சாப்பிடறாங்கண்ணே. என் கண்ணால பாத்தேன். மென்னு சாப்பிடறாங்க! நான் வந்து பத்து மாசம்... எங்கக்கா கல்யாண போட்டோ எல்லாத்துலயும் கண்ண மூடிக்கிட்டு நிக்கறேன். கும்பிடறேன்னு நெனச்சாங்க சொந்தக்காரங்க. தூங்கிட்டிருந்தேன்! அம்மா போன்ல "சந்தோஷமா இருக்கியாடி"ன்னு கேட்டதுக்கு, "பல்ஸ் நல்லா இருக்கும்மா"ங்கறேன். என்ன பேச்சு இது?

ஆனா ஒண்ணுண்ணே... போன வாரம் ஒருத்தர் மூச்சு விட முடியாம, உதடெல்லாம் நீலமா வந்தாரு. அரைமணில எழுந்து உக்காந்து, "என் செருப்ப எங்க வெச்ச?"ன்னு என்னையே திட்டறாரு! அந்தத் திட்டு இருக்கே... அன்னிக்குப் பூரா பசியே தெரியல. தோல் பிரிவுல யாரு என்னை அப்படித் திட்டப்போறா?

மணி என்ன? நாலேகாலா! போச்சு. ஆபீஸ் பூட்டியிருப்பாங்க. எல்லாம் அந்த வார்த்தையச் சொன்ன புண்ணியவானால. பெரிய சிஸ்டர் எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு விசாரிச்சாங்க, ஒருத்தரும் ஒத்துக்கல. நானும்தான் சிஸ்டர் பக்கத்துல நின்னு அதட்டினேன்.

என்னண்ணே அப்படிப் பாக்கறீங்க?

...யார்கிட்டயும் சொல்லாதீங்க. மூணு மணிக்கு ஒரு கட்டில்லயும் ஆளில்ல. சீஃப் டாக்டரே "லெட்டரக் குடுத்துட்டு வாம்மா"ன்னாரு. வாசல் வரைக்கும் போயிட்டேன். காலு நகரல. அப்படியே திரும்பி நின்னு... நான்தாண்ணே சொன்னேன். சத்தமா. மொத தடவ ஒண்ணும் நடக்கல. அதனால இன்னொரு தடவையும் சொன்னேன்.

அண்ணே, எங்க எந்திரிக்கறீங்க? உங்க உளி வழுக்கினதுக்கெல்லாம் நான் பொறுப்பில்லண்ணே! உக்காருங்க... இன்னும் ஒரு தையல் பாக்கி!