ஒன்பதாம் அறையில் இரண்டு பேர்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... மாலை ஆறரை மணி. இருபுறமும் பூட்டிய கிடங்குகள், நடுவே ஒரு நீண்ட சாலை. அதன் கோடியில் பதினெட்டு அறைகள் கொண்ட பழைய விடுதி. என் நண்பனுடைய அக்கா புருஷன் அங்கேதான் மாட்டிக்கொண்டார். கம்ப்யூட்டர்காரர். எந்தத் தேதியில், எந்த அறையில், எத்தனை பேர் தங்கினார்கள் என்று விடுதியின் பதிவுகளை எண்ணும் புரோகிராம் எழுதிக் கொடுக்க வேண்டும். எண்ணிக்கை சரிவந்தால் அன்றே வீட்டுக்குக் கிளம்பலாம். மூன்று வாரமாகிவிட்டது. கண்ணெல்லாம் எரிச்சல்.

எல்லா அறையும் சரி. அவர் தனியாகத் தங்கியிருந்த ஒன்பது மட்டும்... இரண்டு பேர் என்றது.

ஒருவர் போன நாளும் அடுத்தவர் வந்த நாளும் ஒன்றாக இருந்தால் இரண்டாக எண்ணிவிடும். வழக்கமான தப்புதான். புரோகிராமில் 'குறைவு அல்லது சமம்' என்றிருந்ததை 'குறைவு' என்று மாற்றித் தட்டினார்.

மறுபடியும் இரண்டு.

வரிகளை விரித்தார். ஒன்று அவருடையது. இன்னொன்றில் பெயர் இல்லை. வந்த தேதி, பதினோரு வருடம் முன்பு. போன தேதி... காலி. போன தேதி காலியென்றால் ஆள் இன்னும் அறையில் இருக்கிறார் என்று அர்த்தம். அவரே எழுதிய விதி.

இண்டர்காமில் வரவேற்பைக் கூப்பிட்டார். "ஒம்போதுல வேற யாராவது இருக்காங்களா?"

"நீங்க மட்டுந்தான் சார். ஆனா... தினம் ரெண்டு துண்டு ஈரமா வெளிய போடுறீங்களே?"

பக்கத்துக் கட்டிலில் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. ஈர சோப்பு வாசனை.

பயப்படக்கூடத் தெம்பில்லை. "நீயாவது வீடு போய்ச் சேருப்பா," என்று முனகிக்கொண்டே, போன தேதிக்கு இன்றைய தேதியைப் போட்டார். எண்ணிக்கை, ஒன்று. அப்பாடா! கதவு திறந்து மூடியது.

பையை எடுக்கும்போதுதான் திரையைக் கவனித்தார். அசதியில் வரி மாறிவிட்டது. போன தேதி விழுந்திருந்தது, அவர் பெயருக்கு நேராக.

கதவை இழுத்தார். அசையவில்லை. மீண்டும் இண்டர்காம்.

"சார் இப்பதானே கிளம்பிப் போனாரு... நீங்க யாரு?"

இரவு பத்தரைக்குத்தான் வீட்டுக்கு போன் கிடைத்தது. எடுத்தது என் நண்பன். "மாப்ள, ஒரு வரி மாறிப் போச்சுடா... அக்காகிட்ட சொல்லு..." நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டினார்.

நண்பன் போனைக் காதில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தான். எதிரே, சற்றுமுன் வந்திறங்கிய மச்சான் ஈரத்தலையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூடமெல்லாம் சோப்பு வாசனை.

தட்டிலிருந்து அவர் நிமிரவில்லை.

"வச்சிடு மாப்ள... ஒம்போதாம் நம்பர் ரூம்தானே?"