துண்டு போட்ட தலைவர்கள்

லீலாவதி: கொஞ்சம் தள்ளி உக்காரும்மா. பொரி மூட்டை நசுங்குது... அட! அசீசு?

அசீசுன்னிசா: லீலாக்கா! நீ இன்னா இந்த பஸ்ல?

லீலாவதி: நீ இன்னா இந்த பஸ்ல? மண்டபத்துல பயிற்சியில இல்ல நீ இருக்கணும்!

அசீசுன்னிசா: அங்க நீ இருக்கன்னுதான நான் மேல்மலையனூர் பஸ் ஏறினேன்...

லீலாவதி: நல்லாருக்குது. நீ இருக்கன்னுதான் நான் ஏறினேன். நாலாம் குழுன்னா நாம ரெண்டே பேரு. அந்த ரெண்டும் இப்ப பஸ்ல.

அசீசுன்னிசா: ஐயோ அல்லா... கடைசி நாளுக்கா இன்னைக்கு. போயும் போயும் இன்னைக்கு...

லீலாவதி: கடைசி நாளக் கொண்டாந்து அமாவாசையில வெச்சா எவ வருவா? செஞ்சி பக்கத்துல நாம நாலு காசு பாக்கறதே மலையனூர் கோயில்ல கூட்டம் கூடற இந்த ஒரு நாளு. இந்தப் பயிற்சிய நடத்த ரெண்டு பல்கலைக்கழகம் ஒண்ணா சேந்து யோசிச்சிருக்குது பாரு. ஒண்ணு மட்டும் யோசிச்சிருந்தா பாதி தப்போட போயிருக்கும்.

அசீசுன்னிசா: மெதுவா பேசுக்கா. பஸ்ஸே பாக்குது.

லீலாவதி: பாக்கட்டும். வட்டாரப் பொருளாதார மேம்பாட்டுத் தலைவருங்கன்னு கழுத்துல அட்டை மாட்டிவுட்டிருக்காங்க இல்ல நமக்கு. வட்டாரத்துப் பொருளாதாரம் பூரா இந்த பஸ்ல படிக்கட்டுல தொங்கிக்கினு போவுது. தலைவருங்க மட்டும் ஏசி மண்டபத்துல உக்காந்து பேப்பர் கப்புல கோபுரம் கட்டணுமாம்.

அசீசுன்னிசா: அந்தக் கோபுரத்த நெனச்சா... நீதான் தட்டிவுட்ட.

லீலாவதி: தும்மினேன்டி! அதுக்கு பயிற்சி குடுக்கற அந்த மெட்ராஸ் மேடம் இன்னா சொன்னாங்க தெரியுமா? தோல்வியத் தாங்கற தலைமைப் பண்பு எங்கிட்ட இருக்குதாம்.

அசீசுன்னிசா: மொத நாளு ராஜகிரிக் கோட்டை மேல ஏத்தினாங்களே, அது?

லீலாவதி: ஒசரத்துலேர்ந்து பாத்தா தொலைநோக்கு வருமாம். எனக்கு முட்டிவலி வந்துது. அன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு விருந்துன்னாங்க. நாங்க ஜைனருங்க, பொழுது சாஞ்சா சாப்ட மாட்டோம்னேன். 'ஓ, டயட்டா?'ன்னு கேட்டாங்க.

அசீசுன்னிசா: சிரிக்க வெக்காதக்கா. நம்ம ஷெட்டு...

லீலாவதி: அத ஏன்டி இப்ப ஞாபகப்படுத்தற?

அசீசுன்னிசா: இன்னைக்கு துணைவேந்தர் திரையில வந்து ஒரு கேள்வி கேப்பாரு, எந்தக் குழுவப் பாராட்டறாரோ அவங்களுக்குத்தான் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஷெட்டுன்னு சொன்னாங்க இல்ல?

லீலாவதி: சொன்னாங்க.

அசீசுன்னிசா: மழை வந்தா வளையல் பெட்டியத் தூக்கிக்கினு சுவரோட ஒட்டிக்கினு நிக்கிறேன்க்கா. எவனாவது பெரிய மனுஷன் வந்தா போலீஸ்காரன் மொதல்ல என்னத்தான் வெரட்டறான். தலைக்கு மேல ஒரு தகடு இருந்தா போதும். அழுகையா வருதுக்கா...

லீலாவதி: அழுவாத. என் பொரி மட்டும் இன்னா, மழையில நனைஞ்சா இனிக்குதா? எனக்கும்தான் அந்த ஷெட்டு வேணும்.

அசீசுன்னிசா: அப்ப ஏன் வந்த?

லீலாவதி: ஒரு அமாவாசைய வுட்டா அந்த மாசம் எழுந்திருக்க முடியுதா? நீ ஏன் வந்த?

அசீசுன்னிசா: அதேதான்... ஆனா நான் சும்மா வரலக்கா. காலையில மண்டபத்துக்குப் போயிட்டுத்தான் வந்தேன்.

லீலாவதி: போயி?

அசீசுன்னிசா: மொத வரிசையில எடம் புடிச்சி... நாற்காலியில துப்பட்டாவப் போட்டுட்டு, அட்டைய அதுமேல மாட்டிட்டு வந்துட்டேன்.

லீலாவதி: பூப்போட்ட துப்பட்டாவா? அதப் பாத்துட்டுத்தான்டி நான் கெளம்பினேன்! சரி, அசீசு வந்துட்டா, டீ குடிக்கப் போயிருக்கான்னு நெனச்சி... பக்கத்து நாற்காலியில எங்க வூட்டுக்காரரு துண்டப் போட்டுட்டு வந்துட்டேன்.

அசீசுன்னிசா: பஸ்ல எடம் புடிக்கற மாதிரியே!

லீலாவதி: நீ மட்டும் இன்னா பண்ணின?

அசீசுன்னிசா: இருக்கா... அந்த வரிசை பூரா துண்டாத்தான் இருந்துது. அப்பவே நெனச்சேன், எல்லாருமா ஒரே நேரத்துல டீ குடிக்கப் போவாங்களான்னு.

லீலாவதி: பின்வரிசையில கூட ஒரு சாக்குப் பை, ரெண்டு குடை... ஒரு ஆளு இல்ல.

அசீசுன்னிசா: அப்ப நாப்பது தலைவரும்?

லீலாவதி: எங்க போயிருப்பாங்க? நமக்கு முன்னால போன பஸ்லயும் பின்னால வர்ற பஸ்லயும்தான். வளத்தி ஸ்டாப்பு தாண்டிப் போயி எறங்கினதும் மண்டபத்துக் கூட்டத்த கோயில் வாசல்லயே நடத்திடலாம்.

அசீசுன்னிசா: வெற்றிவேல் சார் பாவம்க்கா. பயிற்சிக்கு ஏற்பாடெல்லாம் பண்ற நம்ம ஊரு காலேஜு மனுஷன். தனியா மாட்டிக்குவாரு.

லீலாவதி: அவருக்கு இன்னா? மேடையில நாற்காலி மேல அவரு கோட்டு தொங்கிக்கினு இருந்துதே. அங்கதான் எங்கயாவது பேனர் கட்டிக்கினு இருப்பாரு. எந்தப் பல்கலைக்கழகத்து முத்திரை பெரிசுன்னு நேத்து பூரா சண்டை. ரெண்டு தடவ பேனர மாத்தினாரு.

அசீசுன்னிசா: அக்கா! போன் அடிக்குது. அவருதான்!

லீலாவதி: எடு. ஸ்பீக்கர்ல போடு. மண்டபத்துல இருக்கோம்னு சொல்லு.

அசீசுன்னிசா: ஹலோ... சார்?

வெற்றிவேல்: அம்மா, வெற்றிவேல் பேசறேன். மண்டபத்துலதான இருக்கீங்க?

அசீசுன்னிசா: ஆமா சார். மொத வரிசையில.

வெற்றிவேல்: துணைவேந்தர் பேச ஆரம்பிச்சிட்டாரா?

அசீசுன்னிசா: ஆரம்பிச்சிட்டாரு சார். நல்லா பேசறாரு.

வெற்றிவேல்: என்ன பேசறாரு?

அசீசுன்னிசா: இங்கிலீசுல சார்.

வெற்றிவேல்: கூட்டம் எப்டி?

அசீசுன்னிசா: நிக்க எடம் இல்ல சார்.

வெற்றிவேல்: ரொம்ப சந்தோஷம்மா... அது என்ன, ஆரன் சத்தம் மாதிரி?

அசீசுன்னிசா: அது... துணைவேந்தர் தொண்டையக் கனைச்சாரு சார்.

லீலாவதி: சார், நான் லீலாவதி. நீங்க எங்க இருக்கீங்க?

வெற்றிவேல்: நானா... மேடைக்குப் பின்னாலதாம்மா. ஜெனரேட்டர் பக்கத்துல. அதான் ஒரே இரைச்சல்.

லீலாவதி: மேடைக்குப் பின்னால நின்னுகினு மேடையில பேசறாங்களான்னு எங்களக் கேக்கறீங்க?

வெற்றிவேல்: அது வந்து... கேபிள் ஒண்ணு...

லீலாவதி: சார், ஒரு நிமிஷம். அசீசு... 'வளத்தி எறங்கு'ன்னு கண்டக்டர் கத்தினது உனக்கு எத்தினி தடவ கேட்டுது?

அசீசுன்னிசா: ரெண்டு தடவ. ஒண்ணு பஸ்ல... ஒண்ணு போன்ல.

லீலாவதி: கடைசி சீட்டாண்ட பாரு. தலையில துண்டு போத்திக்கினு எலுமிச்சம்பழ மூட்டை மேல ஒரு ஆளு, காதுல போனோட.

அசீசுன்னிசா: யா அல்லா!

லீலாவதி: சார், வணக்கம். துண்ட எடுத்துடுங்க. வேக்குது பாருங்க.

வெற்றிவேல்: ...வணக்கம்மா.

லீலாவதி: ஜெனரேட்டர் எப்டி ஓடுது சார்?

வெற்றிவேல்: இருங்க, இப்டி முன்னால வந்துடறேன்... யாருகிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. கௌரவ விரிவுரையாளர் நான். கௌரவம் மாசாமாசம் வந்துடுது. சம்பளம்தான் எப்பயாவது வருது. கோயில் வாசல்ல என் வீட்டம்மா கடை போட்டிருக்காங்க. பழம் கொண்டு போய் சேர்க்கலன்னா வீட்டுக்குள்ள விட மாட்டாங்க.

லீலாவதி: அதெல்லாம் சரி. நீங்க இந்த ஊரு மனுஷன்தான? அமாவாசைன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

வெற்றிவேல்: சொன்னேம்மா. அது அரசு விடுமுறையான்னு கேட்டாங்க. இல்லன்னேன். அப்ப வெச்சிக்கலாம்னுட்டாங்க. ரெண்டு பல்கலைக்கழகமும் ஒத்துக்கிட்ட ஒரே விஷயம் அதுதான்.

அசீசுன்னிசா: சார், எனக்கு ஒண்ணு சொல்லுங்க. 'நாலாம் குழு, எழுந்திரு'ன்னு துணைவேந்தர் கேட்டா யாரு சார் எழுந்திருப்பா? என் துப்பட்டாவா? பதில் சொல்ல ஆளில்லன்னா ஷெட்டு வேற யாருக்காவது போயிடுமே சார்...

வெற்றிவேல்: போகாதும்மா.

லீலாவதி: எப்டி? அவரு எங்கள ஒசரத்துலேர்ந்து பாக்கறாரா, தொலைநோக்கா?

வெற்றிவேல்: அவரு பாக்கவே இல்லம்மா. துணைவேந்தர் போன வாரமே பேசிப் படம் புடிச்சி அனுப்பிட்டாரு. கம்ப்யூட்டர்காரரு பொத்தானத் தட்டி விட்டுட்டு... அவரும் முன்னால போன பஸ்லதான் இருக்காரு.

அசீசுன்னிசா: போன வாரமா? அப்ப எங்களக் குழுவாப் பிரிக்கவே இல்லையே!

வெற்றிவேல்: இல்லதான்.

லீலாவதி: அப்ப அந்தக் கேள்வி?

வெற்றிவேல்: கேப்பாரும்மா. கேட்டுட்டு, யாரோ பதில் சொல்ற மாதிரி கொஞ்ச நேரம் தலையாட்டுவாரு. அப்புறம் கை தட்டி, 'நாலாம் குழு சொன்ன பதில் அபாரம், நானே யோசிக்காத கோணம்'னு பாராட்டுவாரு... அந்தப் பேச்சை அவருக்கு எழுதிக் குடுத்தது நான்தாம்மா. ஏதாவது ஒரு நம்பர் போடணுமேன்னு நாலுன்னு போட்டேன்.