அந்தோணியாருக்கு நேந்த வண்டி

— ஏலே பங்கிராசு! பாதைய விட்டுட்டுப் பாறையில எதுக்குடா ஏத்துற? இந்தா, இம்புட்டு அகலத்துக்கு மண்பாதை கெடக்குதுல்ல!

— கவனி முத்துப்பாண்டி. மலையில ஏறுறதுக்குன்னே செஞ்ச வண்டி இது. பாறையில ஏத்தாம கல்யாண மண்டபத்துலயா ஏத்துவாக?

— அடியில டங்குன்னு கேட்டுச்சே, அது இஞ்சின். ஒங்க பள்ளிக்கூட மணி இல்ல. நிறுத்து. நிறுத்துறான்னா! என் நூறு சிசி வண்டியே நோகாம வருது. நீ இம்புட்டு ஒசரமான வண்டிய வச்சுக்கிட்டு, எந்தக் கல்லு பெரிய கல்லுன்னு தேடித் தேடி இடிக்கிற.

— இன்னைக்கு ஒரு நாளுதானே மச்சான். சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் வாசல்ல ஏலத்துக்கு நிக்கப்போகுது. கடைசியா ஒரு தடவ ஆசதீர ஓட்டிக்கிறேனே.

— ஓட்டு, வேண்டாங்கல. ஆனா இது ஓட்டுற மாதிரி இல்ல, பழி தீக்குற மாதிரி இருக்கு. அங்கன பாரு, அந்தப் பள்ளத்துல சேத்துத் தண்ணி. அத விட்டு ஒதுங்கிப் போ.

— சரி மச்சான்.

— ஒதுங்கிப் போன்னா நேரா அதுலயே விடுற! சைலன்சர் முங்கிருச்சுடா! காது கேக்குதா ஒனக்கு?

— ஹெல்மெட்டுக்குள்ள சரியா விழல.

— வெளங்கிரும். இந்தா கண்ணக்கரை வந்தாச்சு, டீக்கடையில ஓரங்கட்டு. இதுக்கு மேல என் நெஞ்சு தாங்காது. அக்கா, ரெண்டு டீ போடுங்க. ஒண்ணுல சீனி கம்மியா.

— ரெண்டுலயும் நெறையாப் போடுங்கக்கா. இன்னைக்கு எங்க வீட்டுல எழவு.

— வாயக் கழுவு. ஒரு வண்டி போறது எழவா? போன வருசம் ஹைவேவிஸ் ரோட்டுல மழைக்குள்ள சறுக்கி விழுந்தியே, அன்னைக்கு ஒங்க வீட்டுல நெசமாவே எழவு விழுந்திருக்கணும். மூணு நாளு கண்ணு முழிக்காமக் கெடந்த. ஒன் பொண்டாட்டி பாக்கியம் ஆசுபத்திரி வராண்டாவுல முழங்கால் போட்டு, அந்தோணியாரே, ஆள முழுசாக் குடு, அந்த வண்டிய ஒனக்குக் குடுத்துருறேன்னு அழுதுச்சு. பக்கத்துல நின்னவன் நான்.

— ஒரு மெழுகுவத்தி நேந்திருக்கலாம். ஒரு கிடாய் நேந்திருக்கலாம். எங்க தெருவுல எல்லாரும் சேவலும் வாழைத்தாரும் பூசணிக்காயும்தான் நேருவாக. திருவிழா ஏலத்துல அதுதான் வரிசையா வரும். இன்னைக்கு அந்த வரிசையில என் வண்டி நிக்கப்போகுது. சேவலுக்கும் பூசணிக்காய்க்கும் நடுவுல. என் எட்டாங்கிளாஸ் பயலுக மொத்தப் பேரும் முன்னாடி வந்து ஒக்காந்துருப்பானுக, வாத்தியாரு வண்டிய யாரு கேக்குறாகன்னு பாக்க.

— கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்.

— நானே ஏலம் கேட்டு எடுத்துக்கிறேன்னு கெஞ்சிப் பாத்துட்டேன் மச்சான். முடியவே முடியாதுன்னுட்டா. சாமிக்குன்னு குடுத்தது திரும்ப நம்ம வாசப்படி ஏறுனா நேர்ச்சை செல்லாதாம். ஃபாதரே பரவாயில்லம்மா, எடுத்துக்கட்டும்னாரு. அவருக்கே பாடம் நடத்துறா.

— அது பயந்த பயம் அதுக்குத்தான் தெரியும். சரி, நகரு. ஒன் பையில என்ன, நடக்கும்போது கிலுகிலுங்குது?

— சில்லறை.

— எங்க, காட்டு.

— சில்லறைதான், விடு மச்சான்.

— கையக் கொண்டா இங்கன! ஏலே... சில்லறையாடா இது? போல்ட்டு! இது கண்ணாடி மாட்டுற நட்டு. இது இண்டிகேட்டரு, முழுசாக் கழட்டிப் பையில போட்டு வச்சிருக்க. பன்னெண்டாம் நம்பர் ஸ்பானர் வேற! அப்ப நீ பாறையில ஏத்துனது, தண்ணியில முக்குனது எல்லாம் வேணும்னே பண்ணது!

— சத்தம் போடாத, அக்கா பாக்குறாக.

— பாக்கட்டும்! உத்தமபாளையத்துல இருவது வருசமா ஸ்பேர் பார்ட்ஸ் கடை வச்சிருக்கேன்டா நான். வண்டிய ஓட்டி ஒடச்சவனப் பாத்திருக்கேன், ஒடைக்கிறதுக்குன்னே ஓட்டுறவன இப்பத்தான் பாக்குறேன். என்னடா கணக்கு இது, வாத்தியாரே?

— கவனி, வெளக்குறேன். போன திருவிழாவுல சவரிமுத்து வீட்டு நொண்டி ஆடு ஏலத்துக்கு வந்துச்சா?

— வந்துச்சு. நானும் இருந்தேன். அன்னைக்குச் சேவல் எடுத்தவனே நான்தான்.

— ஆட்ட எத்தன பேரு கேட்டாக?

— ஒருத்தரும் கேக்கல.

— அப்புறம் ஃபாதரு என்ன சொன்னாரு?

— நீயே வீட்டுக்கு ஓட்டிட்டுப் போப்பான்னாரு.

— அம்புட்டுதான். சாமிக்குக் குடுத்தாச்சு, எடுக்க ஆளில்ல. நேர்ச்சையும் தீந்துபோச்சு, ஆடும் வீடு வந்து சேந்துச்சு. அது இன்னைக்கும் அவன் தோட்டத்துல மேஞ்சுக்கிட்டுத் திரியுது. பாக்கியமும் அப்ப ஒண்ணும் சொல்ல முடியாது.

— அதுக்காக நல்லா இருக்குற வண்டிய நீ நொண்டி ஆடாக்குற.

— ஆக்குறேன்.

— அடக் கூறுகெட்டவனே! நீ கணக்கு வாத்தியாரா? ஒன்கிட்டப் படிக்கிற பயலுகள நெனச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு. டீயக் குடிச்சிட்டு ஸ்பானரக் குடு. எல்லாத்தையும் திரும்ப மாட்டுறேன்.

— மாட்டாத மச்சான். ஒன்னக் கும்புடுறேன்.

— ஏலம் முடியட்டும்டா. எல்லாம் நல்லபடியா முடியும்.

— எப்படி முடியும்?

— முடியும்னா முடியும். கேள்வி கேக்காத.

— ஒனக்கென்ன, ஒன் வண்டியா போகுது?

— ஆமா, என் வண்டியா போகுது! அந்தச் சின்ன போல்ட்டக் குடு.

— தேவதானப்பட்டி நாகராஜ் வர்றான்னு கேள்விப்பட்டேன். பழைய வண்டி யாவாரி. அவன் எடுத்தா ஓட்ட மாட்டான், பிரிச்சு வித்துருவான். நான் தொடச்ச வண்டி ஊரு ஊராத் துண்டு துண்டாப் போகும்.

— அவன் எடுக்க மாட்டான்.

— ஒனக்கு எப்படித் தெரியும்?

— யோவ், சும்மா இருய்யா! ஒரு வார்த்தை பேசவும் முடியல, பேசாம இருக்கவும் முடியல. என்னப் பைத்தியமாக்கிராத.

— நீ ஏன் இம்புட்டுக் கோவப்படுற? நெசமாச் சொல்றேன் கேளு. வாரத்துல ஆறு நாளு கைதூக்கு, வரிசையில நில்லு, பேசாதேன்னு கத்துறேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஒன்கூட மலையேறுனாத்தான் எனக்கு மூச்சு வருது. அது போயிருச்சுன்னா, அப்புறம் எதுக்கு நீயும் நானும் பாத்துக்கப்போறோம்? ஒன் கடையில வந்து பிஸ்டன் ரிங்கு இருக்கான்னா கேக்கப்போறேன்?

— கேளு. இருக்கு.

— வெளாடாத. எனக்கு அழுகை அழுகையா வருது.

— தெரியுது மாப்ள. தெரியாமயா ஒன் பின்னாடி இந்தக் கட்டவண்டிய உருட்டிக்கிட்டு அலையிறேன்? இந்தா, மாட்டியாச்சு. அகமலை வரைக்கும் போயிட்டுத் திரும்பிருவோம். பாதையிலயே வரணும். பாறை கெடையாது, தண்ணி கெடையாது. அந்தோணியார் மேல சத்தியம் பண்ணு.

— பாறையில ஏத்த மாட்டேன். தண்ணியில விட மாட்டேன். சத்தியம்.

*

— ஏன் இங்கன நிறுத்திட்ட?

— ஒண்ணுக்கு வருது மச்சான்.

— வளைவுலயா நிறுத்துவ? வண்டி சரிவுல நிக்குது பாரு. கியர்ல போட்டு ஸ்டாண்டு போடு.

— போட்டாச்சு.

— எங்க போட்ட, நகருதுடா! ஏலே, புடி! பின்னாடி கம்பியப் புடிடா!

— போகட்டும் விடு.

— ஐயோ! ஐயய்யோ! ஆத்தாடி... போச்சு. போச்சு!

— நின்னுருச்சா? என்னால பாக்க முடியல. நீ பாத்துச் சொல்லு.

— ஓடைக்குள்ள மல்லாந்து கெடக்கு. இரு, எறங்கிப் பாக்குறேன். ஹேண்டில் வளைஞ்சு பின்னாடி பாக்குது. டேங்க் ஒடுங்கிருச்சு. ஹெட்லைட்டு இருந்த எடத்துல ஓட்டைதான் இருக்கு. இஞ்சின் மூடி பொளந்து ஆயில் பூரா ஊத்துது. அடப்பாவி, இப்பத்தானடா சத்தியம் பண்ண!

— பாறையில ஏத்தல. தண்ணியில நான் விடல, அதுவா விழுந்துச்சு. லேசாச் சாயும், நாலு எடத்துல நெளியும்னுதான் நெனச்சேன் மச்சான். இம்புட்டுத் தூரம் உருளும்னு தெரியாது. ஐயோ, என் வண்டி கெடக்குற கெடையப் பாரு மச்சான்!

— தள்ளிவிட்டவன் அழுதா, அடிவாங்குனவன் என்னத்தடா செய்வான்? சொந்தச் செலவுல சூனியம் வைக்கிறவன நாலு பேரப் பாத்திருக்கேன். அடுத்தவன் செலவுல வைக்கிறவன் ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான்.

— யாரு செலவுல?

— ஒண்ணுமில்ல. மேல காபித் தோட்டத்துல ஆள் சத்தம் கேக்குது. ஓடிப் போயி ஒரு கயிறும் நாலு ஆளும் கேட்டுக் கூட்டிட்டு வா. ஓடு, என் கண்ணு முன்னாடி நிக்காத.

*

— நியூட்ரல்லயே உருட்டிக்கிட்டு வா. பிரேக்கு பிடிக்குதா?

— பின்னாடி மட்டும் பிடிக்குது. இந்த வளைஞ்ச ஹேண்டில நான் வலது பக்கம் திருப்புனா வண்டி மலையப் பாத்துப் போகுது.

— அதுக்காச்சும் புத்தி இருக்கு. நிறுத்து, சோத்துப்பாறை அணை தெரியுது. இங்கன சிக்னல் கெடைக்கும். பெரியகுளத்துல இருந்து ஒரு லோடு வேன் வரச் சொல்றேன். மணி மூணரை ஆச்சு.

— ஏலத்துக்குக் கொண்டு போகணுமா இத?

— நேர்ச்சைன்னு ஒண்ணு இருக்குல்ல? முட்டுக்குடுத்தாச்சும் நிறுத்தணும்.

— ஆனா ஒண்ணு மச்சான். இனிமே இத ஒருத்தனும் கேக்க மாட்டான். கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா வீட்டுக்கு வந்துரும். ஒன் கடையில சாமான் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாச் சரி பண்ணிக்கிறேன். நீ ஏன் தலையில கைய வச்சுக்கிட்டு ஒக்காந்துட்ட? ஒன் போனு அடிக்குது.

— கையெல்லாம் ஆயிலு. சட்டைப்பையில இருந்து எடு. வேன்காரனாத்தான் இருக்கும்.

— பாக்கியம்! எனக்குப் பண்ணாம ஒனக்கு எதுக்குப் பண்றா?

— எடுக்காத! அத அப்படியே விடு!

— எடுக்கலேன்னா என்னமோ ஆயிருச்சுன்னு பதறிருவாப்பா. ஸ்பீக்கர்ல போடுறேன், நீ பேசு. நான் பக்கத்துல இல்லைன்னுரு. என் கொரலக் கேட்டாக் கண்டுபிடிச்சிருவா.

— அடேய், வேண்டாம்டா... அலோ. சொல்லு தாயி.

— முத்துப்பாண்டி அண்ணே, நான் பாக்கியம் பேசுறேன். அவுக பக்கத்துல இருக்காகளா?

— அது... இல்ல தாயி. நான் அப்புறமாக் கூப்புடுறேனே.

— இல்லேல்ல? அப்ப இப்பவே சொல்லிருறேன். எல்லாத்தையும் முடிச்சிட்டேண்ணே. தெருத்தெருவா, வீடு வீடாப் போயி கையெடுத்துக் கும்புட்டுட்டு வந்துட்டேன். நீங்க ஏலம் கேட்டீகன்னா அதுக்கு மேல ஒருத்தரும் கேக்க மாட்டாக. தேவதானப்பட்டி நாகராஜ் அண்ணனும் வரலைன்னுட்டாக.

— தாயி, இப்ப வேண்டாம், கேளு...

— இருங்கண்ணே, நான் சொல்லிருறேன். நான் அந்தோணியார்கிட்ட நேந்தது, எங்க வீட்ட விட்டு அனுப்பிருறேன்னுதான். ஒங்க வீட்டுல நிக்கக்கூடாதுன்னு நேரல. அவுக தூக்கத்துல வலது கையத் திருகுறாகண்ணே, வண்டி ஓட்டுற மாதிரியே. அதப் பாத்துட்டு நான் எப்படி நிம்மதியா இருக்க? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நீங்க வண்டியக் கொண்டாந்து வாசல்ல நின்னு கூப்புடுங்க, போதும். மெதுவா ஓட்டச் சொல்லுங்க. நான் சொல்றது கேக்குதா?

— கேக்குது தாயி. இங்கன எல்லாருக்கும் கேக்குது.

— ஏலம் முடியிற வரைக்கும் அவுககிட்ட மூச்சு விட்றாதீக. அந்த மூஞ்சி எதையும் மறைக்காது. அப்புறம் இன்னொன்னுண்ணே. ஓட்டுறது அவுகன்னாலும் இன்னைக்கே அது ஒங்க வண்டி மாதிரிதான். ஆறு மணி வரைக்கும் ஒரு கீறல் விழாமப் பாத்துக்கங்க.