இறகுச் சட்டை

— ஜிப்பை மேல இழுக்கச் சொல்லாத அண்ணா. இழுக்க மாட்டேன். இறக்கு. அந்தச் சட்டையைக் கழட்டு முதல்ல.

— பொறு, பொறு. நீ என்ன சொல்றேன்னு எனக்குப் புரியட்டும் வெர்னா. கோழி செத்துச்சு. சரி. கோழின்னா சாகாதா? இது இறகு உதிர்ற காலம். எல்லாம் சோர்ந்துதான் கெடக்கும்.

— இறகு உதிர்ற கோழியை நான் பார்த்ததே இல்லையா? கொண்டை கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான். இதுங்களுக்குக் கொண்டை நீலம் பாரிச்சிருக்கு. கால்ல ரத்தம் கட்டியிருக்கு. நேத்து சாயங்காலம் நாலஞ்சு போச்சு. இன்னைக்கு விடிஞ்சு கதவைத் திறக்கறேன், பின்வரிசை மொத்தமும் விழுந்து கெடக்கு. மிச்சம் இருக்கறதுங்க ஒரு சத்தம் போடல. சத்தமே இல்லாத கோழிக் கொட்டகையை நீ கேட்டிருக்கியா?

— இல்ல.

— நானும் கேட்டதில்ல, இன்னைக்குக் காலைவரைக்கும். இது பறவைக் காய்ச்சல் அண்ணா.

— மெதுவா பேசுடி! கூடாரத் துணிக்கு அந்தாண்டை பேண்டு வாத்தியக்காரங்க நிக்கறாங்க. போர்ட்லண்ட் டிவிக்காரன் வேற கேமராவைத் தூக்கிட்டு அலையறான். நீ சொன்னது அவன் காதுல விழுந்தா பெல்நாப் முட்டைத் திருவிழாவுக்கு இதோட மங்களம் பாடிட வேண்டியதுதான்.

— பாடட்டும். நீ போனை எடுத்திருந்தா நான் இங்க வந்தே இருக்க மாட்டேன்.

— கோழி வேஷத்துக்குள்ள போன் எங்கடி வெச்சுக்கறது? ஆமா, நீ எப்படி வந்தே? கொட்டகையிலேருந்து நேரா வந்துட்டியா?

— எனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? ரெண்டு வாட்டி தலைக்குக் குளிச்சுட்டு, பீரோவுல மடிச்சு வெச்சிருந்த துணியை எடுத்துப் போட்டுக்கிட்டு, வண்டியையும் தொடாம நடந்தே வந்திருக்கேன். என் வீட்டுக்காரர் ரஸ்ஸலோட பழைய ஷூ, பாரு, பெருசு. நடந்து நடந்து குதிகால் உரிஞ்சுபோச்சு.

— எப்பலேருந்து இது? புதன்கிழமை நான் இறகு எடுக்க வந்தேனே, அன்னைக்கு நல்லாத்தானே இருந்துச்சு?

— அன்னைக்கே மூலையில ரெண்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னுச்சு. நீதான் அதைக் காலால ஒதுக்கிட்டு, கீழ கெடந்த இறகையெல்லாம் வாரி வாரி மூட்டையில போட்டே. நானும் உதிர்ற காலம்தானேன்னு விட்டுட்டேன்.

— அன்னைக்கேவா?

— ஆமா. ஏன்?

— ஒண்ணுமில்ல. உள்ள புழுங்குது. இந்தக் கோழித் தலையைக் கொஞ்சம் பிடி.

— தொட மாட்டேன். இப்ப உன் உடம்பு பூரா ஒட்டியிருக்கறது அந்த இறகுதான், தெரியுதா? இன்னும் கொஞ்ச நேரத்துல நீ கொக்கரிச்சுக்கிட்டே தெருவுல இறங்குவே. ஊர்ல கோழி வளர்க்கற ஒவ்வொருத்தரும் உன் மேலேருந்து ஆளுக்கொரு இறகைப் பிடுங்குவாங்க. வருஷம் பூரா நல்லா முட்டை வைக்கட்டும்னு கொண்டுபோய்க் கொட்டகைக் கதவுல செருகுவாங்க. சாவை வீடு வீடா நாமளே விநியோகம் பண்றோம் அண்ணா, பேண்டு வாசிச்சு!

— தலைவரே! ஆச்சா இல்லையா? ட்ரம் அடிக்கிற பையனுக்குக் கை அரிக்குது. அடடே, வெர்னாவா! நீ என்ன இங்க? வாணலிகிட்ட உன் முட்டையைத்தான் எல்லாரும் தேடிக்கிட்டிருக்கோம். செவலை முட்டை விழாம நம்ம ஊர் ஆம்லெட்டா?

— ஓடெட், ஒரு அஞ்சு நிமிஷம்.

— என் ராசா, அஞ்சு நிமிஷம் அஞ்சு நிமிஷம்னு நீங்க மூணு வாட்டி சொல்லிட்டீங்க. சத்தியமா சொல்றேன், விழாச் செயலாளர் வேலைக்கு அடுத்த வருஷம் வேற ஆளைப் பாருங்க. வெண்ணெய் உருகிடுச்சு, வெங்காயம் வதங்கிடுச்சு, வாணலியைச் சுத்தி ஊரே துடுப்பும் கையுமா நிக்குது. என்னடி வெர்னா, முகமெல்லாம் இப்படி இருக்கு? அழுதியா?

— இல்ல. தூக்கம் இல்ல.

— யாருக்குத்தான் தூக்கம்? எனக்கு மட்டுமா, என் கோழிங்களுக்கே தூக்கம் இல்ல போல. காலையில தீனியில வாயே வைக்கல ஒண்ணும். திருவிழான்னா அதுங்களுக்கும் தெரியும் போலிருக்குன்னு என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சிரிச்சேன். சரி, பேண்டுகிட்ட இன்னொரு பாட்டு வாசிக்கச் சொல்றேன். ஒண்ணே ஒண்ணு! அதுக்குள்ள கோழி வெளிய வரணும்.

— போயிட்டா. கேட்டியா அண்ணா?

— என்னத்தை?

— நடிக்காத. அவ கோழி தீனியில வாய் வைக்கலையாம்.

— தீவனம் மாத்தியிருப்பா.

— தீவனம் உன் கடையிலேருந்துதானே போகுது? மாத்தினா உனக்குத் தெரியாதா? அவ வீட்டுலேருந்துதான் வந்திருக்கு! அவ குளத்துல காட்டு வாத்து கூட்டமா இறங்குதுன்னு போன வாரம் பெருமையா போட்டோ காட்டினாளே, இந்த நோயைச் சுமந்துக்கிட்டு வர்றதே அதுங்கதானே. செவ்வாய்க்கிழமை நீ எப்பவும்போல இறகு சேர்க்க அவ கொட்டகைக்குள்ள போயிருக்கே, மறுநாள் அதே காலோட என் கொட்டகைக்குள்ள வந்திருக்கே. அவ சிரிச்சுக்கிட்டு நிக்கறா, என் கோழி சாவுது.

— அப்படியெல்லாம் அவசரப்பட்டு ஒருத்தர் மேல பழி போடக் கூடாது.

— பின்ன எப்படி வந்துச்சாம்? என் நிலத்துல குளம் உண்டா? இந்த மாசத்துல உன்னைத் தவிர வேற ஒரு ஆள் என் கொட்டகை வாசப்படி மிதிக்கல.

— வெர்னா, நான் சொல்றதைக் கேளு. ஊர்வலம் முடியட்டும். ஆம்லெட் பரிமாறி முடியட்டும். வெந்த முட்டையால யாருக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்ல, அது உனக்கே தெரியும். சாயங்காலம் நானே கால்நடை டாக்டருக்கு போன் போடறேன்.

— சாயங்காலம் இறகெல்லாம் ஊர் பூரா கதவுல தொங்கும்.

— பிடுங்க விடமாட்டேன். கை எட்டாத தூரத்துல நடந்து போறேன்.

— ஐம்பதாவது வருஷம் அண்ணா! போன வருஷம் உன் வாலையே பிய்ச்சுட்டாங்க. இந்த வருஷம் சும்மா விடுவாங்களா?

— ஐம்பதாவது வருஷம். அதைத்தான் நானும் சொல்றேன். முட்டை தின்னா நெஞ்சு அடைச்சுச் செத்துப்போவேன்னு டாக்டருங்க பயமுறுத்தின காலம். பெட்டி பெட்டியா விக்காம கெட்டுப்போச்சு. தீவனச் சாக்கைத் தைச்சு, இறகு ஒட்டிக்கிட்டு, வெட்கம் பார்க்காம அப்பா தெருவுல இறங்கினாரு. கோமாளின்னு சொன்னாங்க. அந்தக் கோமாளியாலதான் இந்த ஊர்ல கோழின்னு ஒண்ணு மிஞ்சிச்சு. அக்டோபர்ல உலக முட்டை தினத்துக்குக் கனடாவுலேருந்து கூப்பிட்டிருக்காங்க என்னை. எங்கெங்க முட்டைக்கு விழா எடுக்கறாங்களோ அந்த ஊர்க்காரங்கல்லாம் வர்றாங்க. இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு அங்க நிக்கணும்னு நான் எவ்வளவு ஆசையா இருந்தேன் தெரியுமா?

— தெரியும்.

— போன் பண்ணினா என்ன ஆகும்னாவது யோசிச்சியா? வெள்ளை உடுப்பு மாட்டிக்கிட்டு வருவாங்க. சாகறதை மட்டும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க. நல்லா நிக்கறது, முட்டை மேல உக்காந்திருக்கறது, அத்தனையும் ஒரே நாள்ல முடிச்சுடுவாங்க.

— அதை எனக்கு நீ சொல்லணுமா? வழியெல்லாம் அதை நினைச்சுத்தானே நடந்து வந்தேன். ரஸ்ஸல் போனப்புறம் காலையில நான் எந்திரிக்கறதே அதுங்களுக்காகத்தான். ஊரே வெள்ளைக் கோழிக்கு மாறினப்ப, பைத்தியக்காரின்னு நீங்கல்லாம் கேலி பண்ணினப்ப, அப்பாவோட செவலைக் கோழி வம்சத்தை விடமாட்டேன்னு நான் ஒருத்திதான் கட்டிக் காப்பாத்தினேன். இன்னைக்கு என் வாயாலேயே அதுங்களைக் கொல்லச் சொல்லப் போறேன். ஆனா ஊருக்காவது மிஞ்சணும்.

— அழாதடி.

— ஒரே ஒரு ஆறுதல்தான். என் வீடுதான் கடைசி. வருஷா வருஷம் செவ்வாய்க்கிழமை ஊரெல்லாம் முடிச்சுட்டு, புதன் காலையில என் வீட்டுல சாப்பிட்டுட்டு, கடைசி இறகை வாங்கிட்டுப் போவே. எனக்கு அப்புறம் நீ யார் கொட்டகைக்கும் போகல. அதனால ஓடெட் வீட்டோட, வழியில ரெண்டு மூணு வீட்டோட, என் வீட்டோட இது நின்னுடும். மலைக்கு அந்தப் பக்கம் நீ முதல்லயே போயிட்டு வந்திருப்பே, அவங்க தப்பிப்பாங்க. இந்தச் சட்டை மட்டும் வெளிய போகாம இருந்தாப் போதும்.

— ஜிப்பை இறக்கு. மூச்சு முட்டுது.

— அப்பாடா! இரு, கையில உறை மாட்டிக்கறேன். திரும்பு. தலையையும் அந்த மூலையில வை, யாரும் எடுக்க வேணாம். இப்ப போன் போடறேன்.

— வேணாம் வெர்னா.

— என்ன வேணாம்? சட்டையைத்தான் கழட்டிட்டியே!

— ஊர்வலத்தை நான் நிறுத்திடறேன். எனக்கு நெஞ்சு வலின்னு சொல்லிடறேன். சட்டையை நானே எரிச்சுடறேன். போன் மட்டும் பண்ணாத. அவங்க ஒவ்வொண்ணா கேப்பாங்க. யார் வந்தாங்க, எங்கேருந்து வந்தாங்க, எங்க போனாங்கன்னு.

— கேக்கட்டும். மறைக்க என்ன இருக்கு? நீ தெரிஞ்சா செஞ்சே? உன்னை யாரும் தூக்குல போட மாட்டாங்க. விடு கையை. அண்ணா, கையை விடுன்னு சொன்னேன்! ஹலோ? ஹலோ, டாக்டரம்மாவா? நான் பெல்நாப்லேருந்து பேசறேன். வெர்னா ஹஸ்கின்ஸ். செவலைக் கோழிப் பண்ணை. ஆமாம்மா, கோழி சாவுது. கொண்டை நீலம். ஆமா, காலும். இல்ல, இல்ல, முட்டை எதுவும் வெளிய போகல, வண்டியிலகூட ஏத்தல.

— தலைவரே, அந்தப் பாட்டும் முடிஞ்சு... என்ன இது? வேஷம் கீழ கெடக்கு! யார்கிட்ட பேசறா இவ?

— வாயை மூடு ஓடெட். கொஞ்ச நேரம்.

— வெளி ஆளுங்களா? எங்க அண்ணன் ஒருத்தர்தான் வந்தாரும்மா. ஊர்ல எல்லாக் கொட்டகையிலேருந்தும் ஒரு பிடி இறகு சேர்த்து விழாச் சட்டையில ஒட்டுவோம், அதுக்கு. என்னோடது கடைசி வீடு. அதுக்கு முந்தின நாள் ஓடெட் பொமர்லோ வீட்டுக்குப் போயிருக்காரு. அங்கயும் கோழி தீனி எடுக்கலையாம். அங்கேருந்துதான் எனக்கு வந்திருக்கணும். பொ-ம-ர்-லோ.

— என் வீட்டுலேருந்தா? என்னடி என் பேரை இழுக்கற? என்ன வந்துச்சு என் வீட்டுலேருந்து?

— பறவைக் காய்ச்சல் ஓடெட். செவ்வாய்க்கிழமை அண்ணன் உன் கொட்டகைக்குள்ள வந்துட்டு...

— செவ்வாய்க்கிழமையா? யார் சொன்னா? வாயை அளந்து பேசு வெர்னா, சத்தியமா சொல்றேன் பொறுத்துக்க மாட்டேன்! புதன் மத்தியானம் வந்தாரு உங்கண்ணன் எங்க வீட்டுக்கு. நான் சூப் கொடுத்தேன், குடிச்சாரு. அவர் மூட்டைக்குள்ள எட்டிப் பார்த்தா, அப்பவே அடியில செவலை இறகு கெடந்துச்சு. இந்த வருஷம் செவலை முந்திக்கிச்சேன்னு நான்தான் சிரிச்சேன். கேளு, இங்கதானே நிக்கறாரு.

— அண்ணா?

— பொறு வெர்னா.

— ஊர்ல செவலைக் கோழி என்கிட்ட மட்டும்தானே அண்ணா இருக்கு?

— செவ்வாய்க்கிழமை கடைக்குத் தீவன லாரி வந்துடுச்சு. இறக்கவே பொழுது சரியாப் போச்சு, எங்கயும் போக முடியல. புதன்கிழமை விடிஞ்சதும் கிளம்பினேன். ஐம்பதாவது வருஷம், அப்பா தைச்ச சட்டை. அவர் வளர்த்த கோழி வம்சத்தோட இறகுதான் இந்தத் தடவை முதல்ல ஒட்டணும்னு தோணுச்சு. உனக்குச் சந்தோஷமா இருக்கும், ஊர்வலத்துல மேடையில நின்னு சொல்லலாம்னு இருந்தேன்.

— அப்புறம்?

— அப்புறம் அதே பூட்ஸ். அதே மூட்டை.

— எத்தனை வீடு அண்ணா?

— ஐயோ தெய்வமே, என் கோழிங்க...

— போனை இப்படிக் கொடு வெர்னா. கொடு. அவங்க லைன்லதானே இருக்காங்க? டாக்டரம்மா, நான் அவ அண்ணன் கார்லிஸ். அந்தப் பொமர்லோங்கற பேரை மேல எழுதாதீங்க, கீழ எழுதுங்க. மலைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்த ஊர்ல ஒரு கொட்டகையை நான் விடல. வரிசையா சொல்றேன், எழுதிக்குங்க. முதல் வீடு, என் தங்கச்சி வீடு.